போதையும் பழக்கமும்: குடி மீட்பு அறைகளில் சிகரெட்

குடிக்கிறவனுக்குத் தமிழில் ஒரு பெயர் இருக்கிறது: குடிகாரன். அந்தப் பெயர் ஒருவன்மேல் ஒருமுறை விழுந்துவிட்டால் அவன் செய்கிற மற்றக் காரியங்கள் எல்லாம் அதன் நிழலில்தான் பார்க்கப்படும். சிகரெட் பிடிக்கிறவனுக்கு இப்படி ஒரு பெயர் கிடையாது. 'சிகரெட் பழக்கம் உண்டு' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். காப்பிப் பழக்கம், வெற்றிலைப் பழக்கம், விடியற்காலையில் எழுந்திருக்கும் பழக்கம் இவற்றோடு அதுவும் ஒன்றாகிவிடுகிறது. 'போதை' என்ற சொல் சாராயத்தோடும் கஞ்சாவோடும் ஒட்டிக்கொள்கிற மாதிரி சிகரெட்டோடு ஒட்டுவதில்லை. மொழி இப்படிப் பிரித்து வைத்திருப்பதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் இதே பிரிவினை இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில், மனிதர்களைக் குடியிலிருந்து மீட்பதற்கென்றே ஏற்பட்ட அறைகளுக்குள், கிட்டத்தட்ட ஒரு கொள்கையாகவே இயங்கி, மீட்கப்பட்டவர்களில் பலரைக் கொன்றிருக்கிறது. கொன்றிருக்கிறது என்று சொல்வது அலங்காரத்துக்காக இல்லை. அதற்குக் கணக்கு இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் நிலவரம். குடிக்கோ மருந்துகளுக்கோ சிகிச்சை பெறுகிறவர்களில் எத்தனை பேர் புகைக்கிறார்கள் என்று 20 நாடுகளைச் சேர்ந்த 54 ஆய்வுகளைத் தொகுத்து 2016ல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. சிகிச்சையில் இருப்பவர்களில் நூற்றுக்கு 84 பேர் என்றது அது. அவர்களோடு ஒப்பிடத்தக்க பொது ஜனங்களிடையே 31 பேர். இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியை உடம்பு விளக்கிவிடும். புகையோடு உள்ளே போகும் நிகோடின் சில விநாடிகளில் மூளையைத் தொடுகிறது. மது எந்த இன்பப் பாதையைக் கிளறுகிறதோ அதையே இதுவும் கிளறுகிறது. ஒன்று மற்றதன் நினைவை எழுப்புகிறது. உடம்பு மட்டுமே விளக்கம் என்றால் இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை. ஆனால் இரண்டில் ஒன்றை நோய் என்றும் மற்றதைத் துணை என்றும் பிரித்த கோடு உடம்பில் இல்லை. அது போடப்பட்ட காலமும் இடமும் தெரிந்தவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கோடு இல்லை. 1874ல் அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்துவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கம் மதுவையும் புகையிலையையும் ஒரே பாவத்தின் இரண்டு கைகளாகத்தான் பார்த்தது. இல்லினாய் மாநிலத்தில் டுவைட் என்ற சிற்றூரில் 1879ல் லெஸ்லி கீலி என்ற டாக்டர் தங்கச் சத்து கலந்தது என்று விளம்பரம் செய்து ஒரு மருந்தை விற்க ஆரம்பித்தார். நோயாளிகள் நாளுக்கு நான்கு முறை வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகளாக அந்த வியாபாரம் பெருகிற்று. மருந்தில் தங்கம் இருந்ததோ இல்லையோ, ஒரு விஷயத்தில் கீலி தெளிவாக இருந்தார்: குடிக்கு ஒரு புட்டி, அபினுக்கு ஒரு புட்டி, புகையிலைக்கு ஒரு புட்டி. மூன்றையும் ஒரே அலமாரியில் வைத்து விற்றார். 1890களுக்கும் 1920களுக்கும் இடையில் பதினைந்து மாநிலங்கள் சிகரெட் விற்பனையையே தடை செய்திருந்தன என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். கடைசியாகத் தடையை நீக்கிக்கொண்ட கான்ஸாஸ் அதைச் செய்தது 1927ல்.

கீலிக்குப் பின் நியூயார்க்கில் சார்லஸ் டவுன்ஸ் வந்தார். அவர் டாக்டர் இல்லை, இன்ஷூரன்ஸ் விற்றவர். மன்ஹாட்டனில் வசதி படைத்த குடிகாரர்களுக்காக ஆஸ்பத்திரி நடத்தினார். 1910களில் அவர் எழுதிய கட்டுரைகளிலும் புத்தகத்திலும் சிகரெட்டைப் போல அவர் வெறுத்த பொருள் வேறில்லை. சிகரெட்டிலிருந்து மதுவுக்கு, மதுவிலிருந்து அபினுக்கு என்று ஒரு படிக்கட்டை அவர் காட்டினார். அந்தப் படிக்கட்டு அறிவியலாக நிற்காது. ஆனால் குடியைத் தனியாகவும் புகையைத் தனியாகவும் பார்க்க அவர் மறுத்தார் என்பது முக்கியம், ஏனென்றால் பிரிவினை அவருடைய கட்டிடத்திலிருந்து வெளியே போன ஒரு மனிதரிடமிருந்துதான் தொடங்குகிறது.

அதற்குள் சிகரெட்டின் அந்தஸ்து மாறியிருந்தது. 1881ல் பான்ஸாக் என்ற இளைஞர் காப்புரிமை பெற்ற இயந்திரம், கையால் சுருட்டியவர்கள் நினைத்துப் பார்த்திராத எண்ணிக்கையில் சிகரெட்டைப் பெருக்கிற்று. முதல் உலக யுத்தத்தில் அது சிப்பாயின் உணவுப் பங்கீட்டோடு சேர்ந்து வந்தது. யுத்தத்திலிருந்து திரும்பியவனின் உதட்டில் இருக்கிற ஒன்றைப் பாவம் என்று சொல்ல ஆள் இல்லை. 1920ல் வந்த மதுவிலக்கு 1933ல் தோற்று ஒழிந்தபோது, அதோடு சேர்ந்து பழைய ஒழுக்கவாதிகளின் குரலும் கேலிக்குரியதாயிற்று. மதுவைப் பற்றிப் பேச இனி வேறு பாஷை வேண்டும். பாவம் என்று சொல்ல முடியாது; நோய் என்று சொல்லலாம். சிகரெட்டைப் பற்றிப் பேச எந்தப் பாஷையும் தேவைப்படவில்லை. அது சினிமாவில் வந்தது, ஆஸ்பத்திரியில் டாக்டர் கையில் இருந்தது.

இந்தத் தருணத்தில்தான், 1934 டிசம்பரில், பங்குச் சந்தைக் கம்பெனிகளைத் துருவி ஆராய்ந்து பிழைத்துக் குடியால் எல்லாவற்றையும் இழந்த பில் வில்ஸன் என்ற முப்பத்தொன்பது வயது மனிதர் டவுன்ஸ் ஆஸ்பத்திரியில் கடைசி முறையாகச் சேர்ந்தார். அங்கே தமக்கு ஒரு பேரொளி அனுபவம் நேர்ந்தது என்று பின்னால் சொன்னார். அதன் பிறகு அவர் குடிக்கவில்லை. அடுத்த வருடம் மே மாதம் ஒஹாயோவின் அக்ரன் நகரில், குடித்துவிடுவோமோ என்ற பயத்தில் இன்னொரு குடிகாரனைத் தேடி அவர் டெலிபோன் செய்ததும், டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்ததும், 1935 ஜூன் 10ந் தேதி ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்ததாகக் கணக்கிடப்படுவதும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதை. அந்தக் கதையில் சொல்லப்படாமல் கூடவே இருப்பது வில்ஸனின் சிகரெட். சிகரெட்டைக் கண்டித்த மனிதரின் ஆஸ்பத்திரியிலிருந்து, குடியை மட்டும் விட்டுவிட்டு, சிகரெட்டோடு அவர் வெளியே வந்தார்.

1939ல் அந்த இயக்கத்தின் ஆதார நூல் வெளியாயிற்று. அதை எழுதி அச்சேற்றும்வரை பணம் கொடுத்து உதவியவர்களில் டவுன்ஸும் ஒருவர். நூலில் குடும்பத்தைப் பற்றிய அத்தியாயத்தில் ஒரு சிறு கதை வருகிறது. நண்பர் ஒருவர் அளவு மீறிக் காப்பி குடிக்கிறார், புகைக்கிறார். மனைவி நல்லெண்ணத்தோடு கண்டிக்கிறாள். அவர், அதிகம்தான், ஆனால் இப்போது விடத் தயாராக இல்லை என்கிறார். இந்தப் பொருள்களே பாவம் என்று எண்ணும் சுபாவம் அவளுக்கு, நச்சரிக்கிறாள், அவர் கோபத்தில் போய்க் குடித்துவிடுகிறார். குடித்தது அவர் தவறுதான் என்று நூல் ஒப்புக்கொள்கிறது. ஆனால் கதை முடியும்போது அவர் இன்னும் புகைத்துக்கொண்டிருக்கிறார், காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார், யாரும் அவரை நியாயம் கேட்பதில்லை. பெரிய நோய் குணமாகிக்கொண்டிருக்கும்போது இதைப் பெரிதுபடுத்தியது பிசகு என்று உணர்கிறவள் மனைவிதான்.

இலக்கியம் படிக்கிறவர்கள் இந்தக் கதையை அது சொல்ல வருவதற்கு அப்பாலும் படிக்கவேண்டும். மனைவிக்கு இதில் குரல் கிடையாது; அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வாக்கியம்கூட இல்லை. நச்சரிப்பாக மட்டுமே அவள் வருகிறாள். அவள் வழியே பேசுவது மதுவிலக்குச் சங்கத்துப் பெண்களின் நூற்றாண்டு. அந்த நூற்றாண்டைத் தோற்கடித்துத்தான் புதிய நூல் தன்னை நிறுவிக்கொள்கிறது. குடி பாவம் அல்ல, நோய் என்று சொல்லி மனிதனை விடுவித்த அதே கை, சிகரெட் பாவம் அல்ல என்று சொல்லி அங்கேயே நின்றுவிட்டது. அதுவும் நோயாக இருக்கலாம் என்ற அடுத்த வாக்கியத்தை எழுதவில்லை. 1939ல் அதை எழுதியிருக்க முடியாது என்பது உண்மை. நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய முக்கிய ஆய்வுகள் 1950ல்தான் வந்தன. ஆனால் ஆதார நூல்களுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. காலத்தால் விடப்பட்ட இடைவெளி, காலம் மாறிய பிறகும், கட்டளையாகவே வாசிக்கப்படும். முதலில் செய்யவேண்டியதை முதலில் செய் என்ற சாதாரண விவேகம், இரண்டாவதை எப்போதுமே செய்யவேண்டாம் என்று அர்த்தம் கொள்ளப்பட்டது.

அந்த அறைகளைப் பற்றி நியாயமாகப் பேசவேண்டும். மாதா கோவிலின் நிலவறையில் இரும்பு நாற்காலிகள், பெரிய பாத்திரத்தில் காப்பி, மேஜைக்கு மேஜை சாம்பல் கிண்ணம், விளக்கின் கீழே தொங்கும் நீலப் புகை. குடியை விட்ட முதல் வாரத்தில் மனிதனுக்குப் பெரிய எதிரி நேரம். முன்பு மாலை என்பது ஒரு புட்டிக்குள் கரைந்துபோகும். இப்போது அது நிமிஷம் நிமிஷமாக எதிரே உட்கார்ந்திருக்கிறது. கைக்கு வேலை இல்லை. கை நடுங்குகிறது. சிகரெட் அந்த நேரத்தைத் துண்டு போட்டுக் கொடுக்கிறது. ஒரு துண்டுக்கு ஐந்து நிமிஷம். பெட்டியைத் திறப்பது, தட்டுவது, பற்றவைப்பது, இழுப்பது, அணைப்பது என்று ஆரம்பமும் முடிவும் உள்ள ஒரு காரியத்தை அது செய்யத் தருகிறது. வாழ்க்கையில் எதையும் முடிக்காதவன் ஒன்றை முடிக்கிறான்.

அது மட்டுமில்லை. குடிகாரனுக்கு யாரும் கடன் கொடுப்பதில்லை. அவனும் யாருக்கும் எதையும் கொடுக்கிற நிலையில் இருந்து வருஷங்கள் ஆகியிருக்கும். அறை வாசலில் புதிதாக வந்து நிற்கிறவனிடம் ஒரு பெட்டி நீட்டப்படுகிறது. அடுத்த வாரம் அவன் இன்னொருவனுக்கு நீட்டுகிறான். கொடுக்கல் வாங்கல் என்ற மனித உறவுக்குள் அவன் திரும்பி வருவது அந்தப் பெட்டி வழியாகத்தான். சிகிச்சை நிலையங்களிலும் இதே கதை. அங்கு ஆலோசகர்களாக இருந்தவர்களில் பலர் முன்னாள் குடிகாரர்கள், அவர்களும் புகைத்தார்கள். பட்டியலிட்ட வகுப்புகளில் வாய் திறக்காதவன் வெளிப்படியில் நெருப்புக் கேட்கும்போது பேசினான். இதெல்லாம் உண்மை. சிகரெட்டுக்கு எதிராக எழுதுகிறவர்கள் இந்த உண்மையைச் சொல்லாமல் போவதால்தான் அவர்கள் எழுத்தைப் புகைக்கிறவன் இரண்டாவது பத்தியோடு மூடிவிடுகிறான்.

நாவலில் இதற்கு ஒரு தலைகீழ்ப் பிம்பம் இருக்கிறது. இதாலோ ஸ்வேவோவின் 'ஜீனோவின் மனசாட்சி' 1923ல் வெளிவந்தது. அதில் ஜீனோ சிகரெட்டை விடுவதற்காக ஒரு சிகிச்சை நிலையத்தில் தன்னை அடைத்துக்கொள்கிறான். காவலுக்கு ஒரு நர்ஸ். அவளுக்குக் கோன்யாக் கொடுத்து, அவள் மயங்கியபின் அவளிடமே சிகரெட் வாங்கித் தப்பித்துப் போகிறான். புகையை விடும் இடத்தில் மது நாணயமாகிறது; பன்னிரண்டு வருடம் கழித்து அக்ரனில் மதுவை விடும் இடத்தில் புகை நாணயமாகிறது. ஸ்வேவோ இதைச் சிரிப்பாக எழுதினார். ஒரு அடிமைத்தனத்தை விடுகிறவன் இன்னொன்றின் வாசலில் நிற்கிறான் என்பதை அவர் பாவம் என்றும் சொல்லவில்லை, மீட்பு என்றும் சொல்லவில்லை. அந்தக் கண் நம் விஷயத்தில் வெகுகாலம் யாருக்கும் வாய்க்கவில்லை.

இனி சொற்களின் சரித்திரம். 1957ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு இரண்டு பதங்களை வரையறுத்தது. ஒன்று அடிமைத்தனம், மற்றது பழக்கம். அடிமைத்தனம் தன்னையும் சமூகத்தையும் கெடுப்பது. பழக்கம் கெடுத்தால் தன்னை மட்டும் கெடுப்பது. 1964 ஜனவரியில் அமெரிக்க ஸர்ஜன் ஜெனரல் லூதர் டெர்ரி வெளியிட்ட புகழ் பெற்ற அறிக்கை சிகரெட் புற்றுநோயைத் தருகிறது என்று உலகத்துக்கு அறிவித்தது. அதே அறிக்கை, சிகரெட் அடிமைத்தனம் அல்ல, பழக்கம்தான் என்றும் எழுதிற்று. கொல்கிறது, ஆனால் மயக்குவதில்லை, ஆகவே பழக்கம். நம் தமிழ் வழக்கு தன்போக்கில் செய்ததை அங்கே பெரிய டாக்டர்கள் கமிட்டி போட்டுச் செய்தார்கள். இதில் ஒரு வேடிக்கை, அதே 1964ல்தான் உலக சுகாதார ஸ்தாபனம் அந்த இரண்டு பதங்களுமே உதவாது என்று தள்ளிவிட்டுச் 'சார்பு' என்ற ஒரே பதத்தை வைத்துக்கொண்டது. தள்ளப்பட்ட பதம் இன்னும் கால் நூற்றாண்டு உயிரோடிருந்தது. 1980ல் அமெரிக்க மனநோய் மருத்துவர்களின் வகைப்பாட்டு நூல் புகையிலைச் சார்பையும் ஒரு கோளாறாகச் சேர்த்தது. 1988ல் டாக்டர் கூப் ஸர்ஜன் ஜெனரலாக இருந்தபோதுதான், நிகோடின் அடிமைப்படுத்தும் பொருள், ஹெராயினும் கொக்கெய்னும் எப்படியோ அப்படித்தான், என்று அரசாங்க அறிக்கை சொல்லிற்று.

மயக்கம்தான் இங்கே கண்ணை மறைத்தது. ஒரு பெட்டி புகைக்கிறவன் நாளைக்கு இருநூறு தடவை இழுக்கிறான். ஒவ்வொரு இழுப்பும் மூளைக்கு ஒரு சிறு தவணை. எந்தக் குடிகாரனும் நாளுக்கு இருநூறு முறை கிளாஸை எடுப்பதில்லை. தவணை சிறியதாக இருப்பதால் ஆள் தள்ளாடுவதில்லை, வேலைக்குப் போகிறான், மனைவியை அடிப்பதில்லை. சமூகத்துக்குத் தொந்தரவு இல்லை. அடிமைத்தனத்தை நாம் அடிமையின் உடம்பைக் கொண்டு அளக்கவில்லை, அவன் பிறருக்குக் கொடுக்கும் தொல்லையைக் கொண்டு அளந்தோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

வில்ஸனின் கடைசி வருடங்கள் இந்தச் சொற்களின் இடைவெளியில் கழிந்தன. அவருக்கு எம்ஃபிஸீமா. நுரையீரலின் காற்றறைகள் சிதைந்து மூச்சை உள்ளே இழுத்தாலும் வெளியே விட முடியாத வியாதி. அது முற்றிய பின்னும் சிகரெட்டை விட முடியாமல் அவதிப்பட்டு, வாழ்க்கையின் கடைசிக் கட்டத்தில்தான் விட்டார். 1970 ஜூலையில் மயாமி கடற்கரையில் நடந்த சர்வதேச மாநாட்டுக்கு ஆக்ஸிஜன் துணையோடு, சக்கர நாற்காலியில் வந்தார். 1971 ஜனவரி 24ந் தேதி, தமது ஐம்பத்துமூன்றாவது திருமண நாளில் இறந்துபோனார். படுக்கையில் கிடந்த கடைசி வாரங்களில் அவர் விஸ்கி கேட்டதாகவும், கொடுக்கப்படவில்லை என்றும் நர்ஸின் குறிப்புகளை வைத்து 2004ல் சூசன் சீவர் தமது வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதினார். இதைப் படித்துச் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. முப்பத்தாறு வருடம் குடிக்காதிருந்த மனிதர் சாகும்போதும் குடிக்காதவராகவே செத்தார். இயக்கத்தின் பாஷையில் அது வெற்றி. வெற்றிதான். ஆனால் அவரைக் கொன்ற பொருள் எல்லோர் கண் முன்னாலும் முப்பத்தாறு வருடம் மேஜைமேல் இருந்தது. அதை யாரும் மறைத்து வைக்கவில்லை, மறுக்கவில்லை, தீப்பெட்டி நீட்டினார்கள்.

வில்ஸன் இறப்பதற்கு எட்டு மாதம் முன்பு கலிபோர்னியாவில் எதிர்த் திசையில் ஒரு சோதனை நடந்தது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸிலிருந்து வந்த சார்லஸ் டீடரிக் என்பவர் 1958ல், பெரும்பாலும் ஹெராயின் அடிமைகளுக்காக, சினனான் என்ற கூட்டு வாழ்க்கை அமைப்பை ஏற்படுத்தியிருந்தார். அங்கே சிகரெட் தாராளம். 1970ல் டீடரிக் தாம் விட்டார். உடனே எல்லோரும் விடவேண்டும் என்று கட்டளையிட்டார். முடியாதவர்கள் வெளியேறினார்கள், பழைய வாழ்க்கைக்கே திரும்பும் அபாயத்தோடு. ஹெராயினை விட்டதைவிட இது கடினமாக இருந்தது என்று சொன்னவர்கள் உண்டு. சிகரெட்டைத் தடை செய்த முதல் பெரிய மீட்பு அமைப்பு இது என்று பெருமைப்படுவதற்கு முன்னால் அதன் முடிவையும் பார்க்கவேண்டும். புகையில் ஆரம்பித்த கட்டளை தலைமயிரைச் சிரைப்பது, தம்பதிகளைப் பிரிப்பது என்று வளர்ந்தது. 1978ல் எதிர்த்து வழக்காடிய ஒரு வக்கீலின் தபால் பெட்டியில் அந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள் விஷப் பாம்பை வைத்தார்கள். அதன் தொடர்பாக டீடரிக்கைக் கைது செய்யப் போனபோது அவர் குடிபோதையில் இருந்தார். உடம்பைப் பற்றிய ஒரு உண்மையை அதிகாரம் கையில் எடுத்துக்கொண்டால் அது உண்மையாகவே நிற்காது என்பதற்கு இது போதும்.

இப்போது கணக்கு. மினசோட்டாவில் மேயோ மருத்துவ நிலையத்தின் போதைச் சிகிச்சைப் பிரிவில் 1972 முதல் 1983 வரை தங்கிச் சிகிச்சை பெற்ற உள்ளூர்க்காரர்கள் 845 பேர் பின்னால் என்ன ஆனார்கள் என்று தொடர்ந்து பார்த்து 1996ல் வெளியிட்டார்கள். 222 பேர் இறந்திருந்தார்கள். மரணச் சான்றிதழ் கிடைத்தது 214 பேருக்கு. அதில் மதுவால் விளைந்த சாவு 73. புகையிலையால் விளைந்த சாவு 109. பாதிக்குமேல்.

வங்கியில் உட்கார்ந்து கணக்கெழுதுகிறவனுக்கு இந்த எண்கள் ஒரு பழகிய விஷயத்தைச் சொல்கின்றன. பணம் காணாமல் போகவில்லை. வேறு தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த 109 சாவுகளும் ஊருக்குத் தெரிந்தவைதான். சவ அடக்கத்துக்கு அறைத் தோழர்கள் வந்திருப்பார்கள். மாரடைப்பு, நுரையீரல், தொண்டை என்று சான்றிதழ் சொல்லியிருக்கும். பன்னிரண்டு வருடம் தொடாமலிருந்தான், தெளிவோடு போனான் என்று ஒருவர் எழுந்து சொல்லியிருப்பார். குடியின் பேரேட்டில் அது வரவு. புகைக்குப் பேரேடே இல்லாததால் பற்று எழுத இடமில்லை.

ஏன் திறக்கவில்லை என்று கேட்டால் ஒரே பதில்தான் எப்போதும் வந்தது: எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கினால் மறுபடி குடித்துவிடுவான். 1939ல் எழுதப்பட்ட மனைவியின் கதையே அதற்கு ஆதாரம். பயம் போலியானதில்லை. 2004ல் அதே மினசோட்டாவில் குடிச் சிகிச்சையில் இருந்த 499 பேரை வைத்துச் செய்த சோதனையில், சிகரெட் சிகிச்சையை உடனே பெற்றவர்களைவிட ஆறு மாதம் தள்ளிப் பெற்றவர்கள் குடியை விலக்குவதில் சற்று மேலாக இருந்தார்கள். அதே வருடம், பத்தொன்பது சோதனைகளை ஒன்று சேர்த்துப் பார்த்த இன்னொரு ஆய்வு எதிராகச் சொல்லிற்று: சிகிச்சைக் காலத்திலேயே சிகரெட்டையும் விட உதவி பெற்றவர்கள் நீண்டகாலம் மதுவையும் மருந்தையும் தொடாமலிருக்கும் வாய்ப்பு 25 சதவிகிதம் கூடுதல். ஆனால் அவர்களும் சிகரெட்டை நீண்டகாலம் விட்டுவிட்டார்கள் என்று அந்த ஆய்வால் காட்ட முடியவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது ஒரு சாதாரண முடிவு. எப்போது என்பதில் சர்ச்சை உண்டு. வேண்டாமே என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆறு மாதம் தள்ளு என்று சொல்லும் ஆய்வுகூட ஆறாவது மாதம் வா என்றுதான் சொல்கிறது. அறைகள் முப்பது வருடம் தள்ளின.

வெளியிலிருந்து சட்டம் வந்தது. 1990களின் ஆரம்பத்தில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் புகை தடை செய்யப்பட்டபோது மனநோய்ப் பிரிவுகளுக்கும் போதைச் சிகிச்சைப் பிரிவுகளுக்கும் விலக்கு வாங்கப்பட்டது. 1998க்குப் பின் பகிரங்கமான சிகரெட் கம்பெனிகளின் காகிதங்களில், இலவச சிகரெட் அனுப்பும்படி மனநோய் ஆஸ்பத்திரிகள் கம்பெனிகளுக்கு எழுதிய கடிதங்கள் இருந்தன. நியூ ஜெர்ஸி மாநிலம் 1999 விதிகள் மூலம் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்களிலிருந்து புகையிலையை அகற்ற முற்பட்டது. 2008 ஜூலையில் நியூயார்க் மாநிலம் தன் போதைச் சிகிச்சை நிலையங்கள் அனைத்தையும் அவ்வாறு ஆக்கிற்று. நியூ ஜெர்ஸியில், அஞ்சியபடி நோயாளிகள் கூட்டமாக வெளியேறவில்லை.

விலக்கு வாங்கியவர்களின் மனத்தைத்தான் நாம் கவனிக்கவேண்டும். அவர்கள் கொடியவர்கள் இல்லை. பாவம், இதையும் பிடுங்குவானேன் என்றார்கள். ஒரு இருதய நோயாளியைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவனுக்கு இன்னும் இருபது வருடம் இருக்கிறது என்று கருதுகிறார்கள். குடிகாரனுக்கு, ஹெராயின்காரனுக்கு, பைத்தியக்காரனுக்கு அந்த இருபது வருடத்தை மனத்துக்குள் யாரும் ஒதுக்கவில்லை. இவனுக்கு இது போதும் என்ற தீர்ப்பு இரக்கத்தின் குரலில் சொல்லப்பட்டது. இரக்கத்துக்குள் இவ்வளவு அலட்சியம் இருக்க முடியும் என்பதை அறைக்குள் இருந்தவர்களே வெகுகாலம் ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் இந்தச் சரித்திரத்தில் என்னைத் தொந்தரவு செய்வது. தங்கள் உயிரின் மதிப்பை அவர்கள் ஊர் போட்ட விலையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

எல்லோரும் அப்படி இருந்துவிடவில்லை. 1982ல், ஸர்ஜன் ஜெனரல் 'அடிமைத்தனம்' என்ற சொல்லைச் சிகரெட்டுக்குக் கொடுப்பதற்கு ஆறு வருடம் முன்பே, லாஸ் ஏஞ்சல்ஸில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸைச் சேர்ந்த சிலர் புகைக்கென்று தனியாகக் கூட ஆரம்பித்தார்கள். ஸ்மோக்கர்ஸ் அனானிமஸ் என்று பெயர் வைத்து, 1990ல் நிகோடின் அனானிமஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். அவர்களிடம் புதிய தத்துவம் எதுவும் இல்லை. குடிக்கு எழுதப்பட்ட அதே பன்னிரண்டு படிகளில் மது என்றிருந்த இடத்தில் நிகோடின் என்று வைத்தார்கள். ஒரு சொல்லை எடுத்து இன்னொரு சொல்லை வைத்ததுதான் மொத்த வேலை. சினனானின் கட்டளைக்கும் நியூயார்க்கின் விதிக்கும் இல்லாத ஒரு பலம் அதற்கு இருந்தது: அதைச் சொன்னவன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், அவன் விரலிலும் அதே மஞ்சள் கறை.

அந்தப் படிகளில் நான்காவது, அச்சமின்றித் தன்னைத் தேடி இருப்புக் கணக்கு எடுக்கச் சொல்கிறது. வில்ஸன் அதற்கு வியாபாரத்தைத்தான் உவமை சொன்னார். சரக்கிருப்பைச் சரிபார்க்காத கடை திவாலாகும் என்றார். கம்பெனிகளின் கணக்கைத் துருவிப் பிழைத்தவருக்கு அது இயல்பாக வந்த உவமை. பல லட்சம் பேர் அவர் சொல்படி கணக்கெடுத்து உயிர் பிழைத்தார்கள். கடை நிஜமாகவே திவாலிலிருந்து மீண்டது. சரக்கை எண்ணிக்கொண்டிருந்தவரின் இடது கையில் புகைந்துகொண்டிருந்தது மட்டும் பட்டியலில் வரவில்லை.